பிரதமர் பதில் சொல்லும் அரை மணி நேரம்

பிரிட்டன் நாடாளுமன்றம் கூடியிருக்கும் காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் பகல் 12 மணிக்குப் பிரதமர் காமன்ஸ் சபையில் எழுந்து நின்றாக வேண்டும். அடுத்த அரை மணி நேரம் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு, பதில் சொல்லும் கடமை அவருக்கு. குலுக்கலில் தேர்வான 15 உறுப்பினர்களின் பெயர்கள் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும். அவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. 'பிரதமரின் இன்றைய அலுவல்கள் என்னென்ன?' என்று முதல் உறுப்பினர் சம்பிரதாயமாகக் கேட்பார். அமைச்சர்களோடு சந்திப்புகள் இருக்கின்றன என்று பிரதமர் ஓரிரு வரிகளில் சொல்லி முடித்ததும் கதவு திறந்துவிடும். அதன் பிறகு துணைக் கேள்வியாக எதையும் கேட்கலாம்: மூடப்படவிருக்கும் ஓர் ஊர் மருத்துவமனை, அவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, ராணுவச் செலவு, மின்கட்டணம். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள் உண்டு. மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் ஓர் அரசாங்கத்தைத் தன் கணக்கைத் தானே புரட்டிப் பார்க்க வைக்க இதைவிட மலிவான வழி வேறெந்த ஜனநாயகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இது ஆதிகாலத்து மரபு என்று நினைக்க வேண்டாம். பிரதமருக்கென்று நிலையான நேரம் ஒதுக்கப்பட்டது 1961இல், ஹெரால்ட் மேக்மில்லன் காலத்தில்தான். அப்போது செவ்வாய், வியாழன் இரு நாளும் கால் மணி நேரம். 1997இல் ஆட்சிக்கு வந்த டோனி பிளேயர் இரண்டையும் சேர்த்துப் புதன்கிழமைக்கு மாற்றினார். இந்த இரண்டு மாற்றங்களையும்விட முக்கியமான ஒன்று இடையில் நடந்தது, அது அதிகம் பேசப்படுவதில்லை. ஆரம்பத்தில், கேள்வி ஒரு துறையைப் பற்றியது என்றால் பிரதமர் அதை அந்தத் துறை அமைச்சரிடம் தள்ளிவிடுவார். அப்படித் தள்ள முடியாதபடி கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் உறுப்பினர்கள் 'இன்றைய அலுவல்கள்' என்ற கேள்வியையே பிடித்துக்கொண்டார்கள். மார்கரெட் தாட்சர் வந்த பிறகு கேள்விகளைத் துறைகளுக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை நிறுத்தினார். தானே பதில் சொல்வதென்று முடிவெடுத்தார். அன்றிலிருந்து எந்தத் துறையின் செலவும் எந்தத் துறையின் சட்டமும் பிரதமரின் வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தது.

அந்த முடிவின் விளைவைப் புரிந்துகொள்ள அவைக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முந்தைய நாட்களைப் பார்க்க வேண்டும். கேள்வி தெரியாது, நாள் மட்டும் தெரியும். எனவே எல்லாத் துறைகளிடமிருந்தும் குறிப்புகள் வரவழைக்கப்படுகின்றன. எந்தத் திட்டத்தில் பணம் தீர்ந்துபோயிருக்கிறது, எந்த மசோதாவில் ஓட்டை இருக்கிறது, எந்த வாக்குறுதி தேங்கிக் கிடக்கிறது என்று அலுவலர்கள் தேடிப் பார்க்கிறார்கள். தவறான எண் பிரதமர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதைக் கொடுத்த துறையின் பாடு திண்டாட்டம்தான். அதனால் குறிப்பு அனுப்பும் துறையும் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிறது. சொல்வன்மைக்குப் பெயர்போன பிளேயரே, பிரதமர் வாழ்வில் தன்னை மிகவும் அச்சுறுத்திய அனுபவம் இதுதான் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த அச்சம் வீணானதல்ல. ஆட்சியின் உச்சியில் இருப்பவருக்குக் கெட்ட செய்தியை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. புதன்கிழமை என்று ஒன்று இருப்பதால், அவையில் பிறர் சொல்வதற்கு முன்பே தன் ஆட்களிடமிருந்து அவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேள்வி நேரத்தின் பயன் பதிலில் இருப்பதைவிட, பதிலுக்கான தயாரிப்பில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் வாதம்.

2015இல் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 'டாக்ஸ் கிரெடிட்' என்ற பெயரில் குறைந்த ஊதியக் குடும்பங்களுக்குப் பிரிட்டன் அரசு ஓர் உதவித்தொகை கொடுத்துவந்தது. ஆண்டு வருமானம் 6,420 பவுண்டைத் தாண்டினால் அந்தத் தொகை படிப்படியாகக் குறையும். இந்த வரம்பை 3,850 பவுண்டாகத் தாழ்த்தவும், குறைப்பு விகிதத்தை 41 சதவீதத்திலிருந்து 48 ஆக உயர்த்தவும் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் விதிகள் கொண்டுவந்தார். அரசுக்கு ஆண்டுக்குச் சுமார் 440 கோடி பவுண்டு மிச்சம். காமன்ஸ் சபை ஒப்புக்கொண்டது. அக்டோபர் 26 அன்று மேலவையான பிரபுக்கள் சபை தடுத்து நிறுத்தியது. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் தன் ஆறு கேள்விகளையும் ஒரே விஷயத்துக்குச் செலவிட்டார்: இந்த மாற்றத்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் வருமானம் குறையாது என்று பிரதமர் உறுதி தருவாரா? ஆறு முறையும் டேவிட் கேமரூன் உறுதி தரவில்லை. நிதிநிலை அறிக்கை வரட்டும் என்றார். நவம்பர் 25 அன்று அந்த அறிக்கை வந்தபோது ஆஸ்போர்ன் திட்டத்தையே கைவிட்டிருந்தார். ஆறு கேள்விகள்தான் அரசைப் பணியவைத்தன என்று சொன்னால் அது மிகை. பிரபுக்கள் சபையின் வாக்கும் ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்த அதிருப்தியும் பெரும் வேலையைச் செய்தன. ஆனால் சட்டத்தின் மொழியில் வரம்பும் விகிதமுமாக இருந்த ஒன்று, 'என் வீட்டுக்கு வரும் பணம் குறையுமா?' என்று எவருக்கும் விளங்கும் கேள்வியாக மாறியது அந்த அரை மணி நேரத்தில்தான். அரசிடம் அதற்குப் பதில் இல்லை என்பதும் நாடறியப் பதிவானது.

இதெல்லாம் வெறும் நாடகம் என்று சொல்பவர்கள் பிரிட்டனிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கூச்சல், கேலி, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எழுந்து பிரதமரைப் புகழ்வதற்கென்றே கேட்கும் கேள்விகள் எல்லாம் வாராவாரம் நடப்பவை. இந்தச் சண்டைக் கூத்துக்கு முடிவுகட்டுவேன் என்று 2005இல் கட்சித் தலைவரானபோது வாக்களித்த கேமரூனால் அதைச் செய்ய முடியவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு மசோதாவின் உட்பிரிவுகளையோ ஒரு துறையின் வரவுசெலவையோ அலச முடியாது என்பதும் சரிதான். அதற்குப் பிரிட்டன் வேறோர் இடம் வைத்திருக்கிறது. நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்கள் சேர்ந்த ஒருங்கிணைப்புக் குழுவின் முன் பிரதமர் 2002இலிருந்து ஆண்டுக்குச் சில முறை ஆஜராகிறார். அங்கே கூச்சல் கிடையாது. ஒரே பொருளில் தொடர்ந்து கேட்கலாம். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், ஆழத்துக்குக் குழு, அடிக்கடி வருவதற்குப் புதன்கிழமை என்பேன். ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிடுவது தவறு. கூச்சலுக்கு நடுவிலும் பதில் சொல்பவர் அங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பிரதமர் மழுப்பினால், பொய் சொன்னால் என்ன செய்துவிட முடியும்? போரிஸ் ஜான்சன் விவகாரத்தில் இதற்கு விடை இருக்கிறது. கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகள் பற்றி 2021 டிசம்பர் 1 அன்று கேள்வி நேரத்தில் கேட்கப்பட்டது. வழிகாட்டு நெறிகள் அனைத்தும் பின்பற்றப்பட்டன என்று அவர் பதில் சொன்னார். செய்தியாளர் கூட்டத்தில் சொல்லியிருந்தால் அது நாலு நாளில் மறந்துபோயிருக்கும். அவையில் சொன்னதால் அவைக் குறிப்பில் ஏறியது. அவைக்குத் தவறான தகவல் தருவது உரிமை மீறல். உரிமைக் குழு விசாரித்து, அவர் தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் முடிவுசெய்தது. குழுவின் முடிவு முன்கூட்டியே தனக்குத் தெரிவிக்கப்பட்டதும் அவர் உறுப்பினர் பதவியை விட்டே விலகிவிட்டார். அறிக்கையை அவை 354க்கு 7 என்ற வாக்கில் ஏற்றது. கேள்வி உண்மையை அந்தக் கணமே வெளியே கொண்டுவரவில்லைதான். ஆனால் பொய்க்கு ஒரு தேதியும் இடமும் கொடுத்தது. பிறகு பிடிபட அது போதுமானதாக இருந்தது.

பிரிட்டனிடமிருந்து கேள்வி நேரத்தைப் பெற்றுக்கொண்ட இந்தியாவில் இந்தக் கதவு மட்டும் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மக்களவையில் பிரதமரின் பொறுப்பிலுள்ள துறைகளுக்கும் புதன்கிழமைதான் முறை. ஆனால் அவரிடம் கேட்கக்கூடியவை பிரதமர் அலுவலகம், பணியாளர் நலன், அணுசக்தி, விண்வெளி போன்ற துறைகளைப் பற்றியவை மட்டுமே. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; துணைக் கேள்வி மூலக் கேள்வியை ஒட்டியே இருக்க வேண்டும். அவற்றுக்கும் வழக்கமாக இணையமைச்சரே பதில் தருகிறார். கேள்வி நேரத்துக்கு இங்கே வலிமை இல்லாமல் போகவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போட்டது பற்றி 1957 செப்டம்பரில் மக்களவையில் எழுந்த கேள்விதான் நீதிபதி சாக்ளாவின் விசாரணையில் போய் முடிந்தது. விடாமல் துருவியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. 1958 பிப்ரவரியில் பதவி விலகியவர் நிதியமைச்சரும் சென்னையைச் சேர்ந்தவருமான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பொதுப்பணம் பற்றிய ஒரு கேள்வி அவ்வளவு தூரம் போக முடிந்த அதே மக்களவையில், 2018இலும் 2023இலும் எல்லாத் துறைகளும் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் ஒரே மூச்சில், விவாதமின்றி நிறைவேறின. செலவைப் பற்றிய விவாதமே நடக்காத ஆண்டில், கேள்வியையும் விட்டால் உறுப்பினருக்கு மிஞ்சுவது என்ன?

அந்தந்த அமைச்சர் பதில் சொல்கிறாரே, பிரதமர் எதற்கு என்று கேட்கலாம். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசமைப்பின் 75வது கூறு சொல்கிறது. அந்தக் கூட்டுக்குத் தலைவர் பிரதமர். ஒரு துறைக்குப் பணத்தைக் கூட்டி இன்னொன்றுக்குக் குறைத்தது ஏன் என்பதற்குக் கல்வி அமைச்சரோ வேளாண் அமைச்சரோ பதில் சொல்ல முடியாது. தன் துறைக்குக் கிடைத்ததை மட்டுமே அவர் விளக்க முடியும். இதை மாற்ற அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. அவை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 118வது கூறு. பட்ஜெட் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கைகள் வரும் வாரங்களில் மட்டுமாவது, புதன்கிழமை அரை மணி நேரம், முன்னறிவிப்பில்லாத கேள்விகளுக்குப் பிரதமரே பதில் சொல்வது என்று தொடங்கலாம். முதல் கேள்வி எளிமையானதாகவே இருக்கட்டும்: போன ஆண்டு இந்த அவை ஒதுக்கிய பணத்தில் எந்தத் துறை எவ்வளவு செலவழிக்காமல் திருப்பித் தந்தது, ஏன்?