வெளியே பிறந்த குடல்

நம் எல்லோருடைய குடலும் ஒரு காலத்தில் வயிற்றுக்கு வெளியேதான் இருந்தது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில், சின்னஞ்சிறு வயிற்றுக்குள் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள் நீண்டு வளரும். 12-ஆவது வாரத்துக்குள் சுழன்று உள்ளே திரும்பிவிடும். அப்படித் திரும்பாமல் மெல்லிய சவ்வுப் பைக்குள் தங்கிவிட்டால் அது ஓம்ஃபலோசீல். கேஸ்ட்ரோஸ்கைசிஸ் வேறு. இதில் தொப்புளை ஒட்டி, பெரும்பாலும் வலப்பக்கம், வயிற்றுச் சுவரில் ஓர் ஓட்டை விழுகிறது. அதன் வழியே வெளிவந்த குடல், சவ்வு எதுவும் மூடாமல், மாதக்கணக்கில் பனிக்குட நீரில் மிதக்கிறது.

கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான் என்று பெற்றவளைக் குறைசொல்லும் பேச்சு சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் இருக்கிறது. அது பொய், புண்பட்டுக் கிடக்கும் தாயை மேலும் குத்துகிற பொய். 20 வயது நிறையாத தாய்மார்களின் குழந்தைகளிடம் கேஸ்ட்ரோஸ்கைசிஸ் அதிகம் காணப்படுகிறது என்பதுதான் மருத்துவம் கண்டது. சின்னப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க அவசரப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஓட்டையை மூடிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான போராட்டம் குடலோடுதான். பனிக்குட நீரில் ஊறிய குடல் தடித்து, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஓட்டையின் விளிம்பு இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். பத்தில் ஒரு குழந்தைக்குக் குடலின் ஒரு பகுதி அடைபட்டோ அறுந்தோ இருக்கும். தடித்த குடலில் அது முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். சில வாரம் பொறுத்து இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் சுமார் இரண்டரை மீட்டர். அதில் பெரும்பகுதி கருகி, வெட்டி எடுக்க நேர்ந்தால், மிச்சக் குடலால் உணவை உறிஞ்ச முடியாது.

ஆகவே முதல் ஒரு மணி நேரம் முக்கியம். குடலோடு சேர்த்துக் குழந்தையைக் காலிலிருந்து மார்பு வரை சுத்தமான பிளாஸ்டிக் பையால் சுற்ற வேண்டும். திறந்து கிடந்தால் உடல் சூடும் நீரும் வேகமாக வெளியேறிவிடும். வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, இரைப்பைக்குள் குழாய் விட்டு, டிரிப்ஸ் போட்டு, கதகதப்பாக அனுப்ப வேண்டும். பால் கொடுக்கவே கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நாமக்கல் வழியாகச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரும் குழந்தைக்கு இந்தப் பிளாஸ்டிக் பைதான் முதல் மருந்து.

2021-இல் லான்செட் இதழில் வெளியான, 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வைப் படித்தபோது மனம் கனத்தது. கேஸ்ட்ரோஸ்கைசிஸோடு பிறந்தவர்களில் பணக்கார நாடுகளில் இறந்தது நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேர். இந்தியா போன்ற நடுத்தர வருமான நாடுகளிலோ 32 பேர். நோய் ஒன்றுதான், பிறந்த இடம்தான் வேறு.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இந்த இரண்டு குறைகளும் பெரும்பாலும் தெரிந்துவிடும். உடனே கலைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கேஸ்ட்ரோஸ்கைசிஸ் பெரும்பாலும் தனியாக வருவது. மற்ற உறுப்புகள் நன்றாகவே இருக்கும். ஓம்ஃபலோசீல் என்றால் இதயத்தையும் குரோமோசோம்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டிலும் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் நடப்பது நல்லது. இந்த ஒரு காரணத்துக்காகவே சிசேரியன் செய்யப் பெரும்பாலும் தேவையில்லை.

குடலை ஒரேயடியாக உள்ளே திணித்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, மூச்சுத் திணறும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். அதனால் 'சிலோ' என்ற பைக்குள் குடலை வைத்துத் தொங்கவிட்டு, நாளுக்கு நாள் கொஞ்சமாக இறக்குகிறார்கள். பிறகு காத்திருப்பு. குடல் அசையத் தொடங்கவே வாரங்கள் ஆகலாம். அதுவரை உணவு ரத்தக்குழாய் வழியாகத்தான். அது நீண்டால் ரத்தத்தில் கிருமி தொற்றும், ஈரல் பழுதாகும். பால் தொடங்கிய பிறகும் குடல் அழுகல் வரக்கூடும்; அதைக் குறைப்பதில் தாய்ப்பாலுக்கு இணை இல்லை. அரசு தாய்ப்பால் வங்கி தொடங்கிய ஊர்களில் சேலமும் ஒன்று. குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நாட்களிலும் தாய் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, மாதங்களோ வருடங்களோ கழித்துக்கூட, குடல் முறுக்கிக்கொள்ளலாம், ஒட்டி அடைபடலாம். இப்படிப் பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அந்த ராத்திரியே 108-ஐ அழையுங்கள்.