“ஒரு காபி” என்றால் போதாது

ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகும் நம் பிள்ளைகளில், ஆங்கிலத்துக்கு அஞ்சியே காபிக் கடைப் பக்கம் ஒதுங்காதவர்கள் உண்டு. நுழைந்ததும் “ஹவ் ஆர் யூ கோயிங்?” என்பார்கள். எப்படிப் போகப் போகிறாய் என்று கேட்பதாக எண்ணி “பை பஸ்” என்று சொல்லிவிடக் கூடாது. வெறும் குசல விசாரிப்புதான் அது. “குட், தாங்க்ஸ்” போதும்.

வெறுமனே “காபி” என்றால் “எந்தக் காபி?” என்பார்கள். இத்தாலியர்கள் குடியேறி எஸ்பிரஸோ பழக்கத்தைப் பரப்பிய நாடாயிற்றே! கடுங்காபி “லாங் பிளாக்”. பால் காபி “ஃபிளாட் ஒயிட்”. “ஷார்ட் பிளாக்” கேட்டால் இரண்டு மடக்குக் கசப்புதான் வரும். மும்பையில் “கட்டிங் சாய்” கேட்கப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தையல்ல.

“கேன் ஐ கெட் எ ஃபிளாட் ஒயிட், ப்ளீஸ்?” என்று கேட்க வேண்டும். “ஐ வான்ட்” என்பது அதட்டலாகக் காதில் விழும். தமிழில் மரியாதை “கொடுங்கள்” என்ற சொல்லிலேயே ஒட்டியிருப்பதால், நம்மவர்கள் “ப்ளீஸ்” போட மறந்து, முரடர் என்று பெயர் வாங்கிவிடுகிறார்கள்.

அங்கேயே குடிப்பதானால் “ஹேவ் ஹியர்”. கையோடு கொண்டுபோக “டேக்அவே”. பெயரும் கேட்பார்கள். பயம் வேண்டாம், கோப்பையில் எழுதத்தான்!