என்ட்ரி போட்டாச்சு, துண்டு எங்கே?

பொலிஸ் நிலையப் பதிவேடுகளில் இருப்பதை எப்படிக் கேட்டுப் பெறுவது? தெமோதரை, எல்ல, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

அடையாள அட்டை தொலைந்ததென்று மூன்று மாதத்துக்கு முன்னர் என்ட்ரி போட்டேன். இப்போது பிரதி கேட்டால், எந்தத் திகதி, எந்த இலக்கம் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

நிலையத்தில் ஒரே ஒரு புத்தகம் இல்லை. பாரிய குற்றங்களுக்கு ஒன்று, சிறு முறைப்பாடுகளுக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று என்று தகவல் புத்தகங்கள் பல. ஒவ்வொன்றிலும் பக்கமும் பந்தியும் இலக்கமிடப்பட்டிருக்கும். ஆகவே முறைப்பாடு கொடுத்துவிட்டு எழும்பும்போதே திகதி, நேரம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எழுதியவரின் இலக்கம் ஆகியவற்றைக் கேட்டு, கையில் இருக்கும் கொழுந்துத் துண்டின் பின்பக்கத்திலாவது குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்காமல் விட்டவர்கள் கைவிரிக்க வேண்டியதில்லை. "சம்பளம் போட்ட கிழமை", "தீபாவளிக்கு முந்திய ஞாயிறு" என்று ஒரு கால எல்லையைச் சொல்லி, முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தால் தேடி எடுக்க முடியும். சொந்த முறைப்பாட்டின் பிரதியைப் பெற நிலையத்தில் கேட்பதே முதல் வழி. அதற்குத் தகவல் சட்டம், மேன்முறையீடு என்றெல்லாம் போகத் தேவையில்லை. அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட அத்தியட்சகரிடமோ போய்ப் புதிய அட்டைக்கான விண்ணப்பத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோதும், உயிரோடும் வீட்டோடும் சேர்ந்து பெட்டியில் இருந்த கடதாசிகளும் போயின. அப்படி இழந்தவர்கள் போடும் என்ட்ரியில் "ஆவணங்கள் தொலைந்தன" என்று ஒரே வரியில் முடிக்கவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி அட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். பின்னர் ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்குக்குரிய வரியைத்தான் தேடும்.

நான் தமிழில் சொன்னேன். அவர்கள் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இந்தப் பகுதியின் பெரிய வில்லங்கமே இதுதான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லப்படும் குற்றத் தகவலை, சொன்னவர் பேசிய மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அலுவலருக்கு அந்த மொழியில் எழுதத் தெரியாவிட்டால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களுக்கும் எழுத முடியாவிட்டால்தான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டலாம். எனவே வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே, படித்த பிள்ளை ஒன்றைக்கொண்டு முறைப்பாட்டைத் தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. சண்டை பிடிக்கத் தேவையில்லை. தாளை நீட்டினால் போதும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவருக்கும் வழி உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம். ஒரு பதிவேட்டின் பிரதியைப் பெறும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இருந்தால், அதன் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். பிரதி கேட்கும் கடிதத்திலேயே "தமிழ் மொழிபெயர்ப்புடன்" என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். உடனே கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் கேட்காத எவருக்கும் அது கிடைத்ததில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் எப்போது தேவைப்படும்?

நிலையத்தில் வாய்ப்பேச்சாகக் கேட்டுப் பலன் இல்லாதபோதும், கேட்பது உங்கள் தனி முறைப்பாட்டைத் தாண்டிய விடயமாக இருக்கும்போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பொலிசாரும் இதற்குள் அடக்கம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. குறித்த படிவம்தான் வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், சாதாரணக் கடிதமே போதும் என்று சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதலும் தரவேண்டும்.

இனி, பலர் சறுக்கும் இடம். "என் முறைப்பாட்டை ஏன் விசாரிக்கவில்லை?" என்று எழுதினால், "விசாரணை நடைபெறுகிறது" என்று ஒரு வரி வரும். கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்தச் சட்டம் கொடுப்பது பதிவை, சமாதானத்தை அல்ல. ஆகவே பதிவைக் கேளுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"இன்ன திகதி நான் கொடுத்த முறைப்பாடு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் பந்தியில் உள்ளது? அதன்மேல் இன்று வரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் பற்றிய குறிப்புகளின் பிரதி. நீதிமன்றுக்கு பீ அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டிருந்தால் அதன் இலக்கமும் திகதியும்."

(பீ அறிக்கை என்பது விசாரணை பற்றிப் பொலிசார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை.) இதில் ஏன் என்ற சொல்லே இல்லை. ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், எழுதப்படவில்லை என்பதே கையொப்பத்தோடு உங்கள் கைக்கு வரும். மேலிடத்துக்குப் போக அதுவே நல்ல சாட்சி.

கோரிக்கையை யாரிடம் கொடுப்பது?

இங்கே நாடு முழுவதற்கும் ஒரே திணைக்களம், ஒரே சட்டம். ஆனாலும், முறைப்பாடு எந்த நிலையத்தில் கொடுக்கப்பட்டதோ அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களே வேறு வேறு நிலையங்களின் கீழ் வரலாம் என்பதால், முதலில் அதை உறுதிசெய்யுங்கள். தகவல் அலுவலர் யார், கட்டணம் எவ்வளவு, மேன்முறையீடு யாரிடம் என்ற விபரங்களை அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டியிருக்காவிட்டால் "தகவல் அலுவலருக்கு" என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. 2017 விதிகளின்படி ஏ4 போட்டோப் பிரதி ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய்தான். பஸ் காசு அதைவிட எத்தனையோ மடங்கு.

எங்கள் லயத்தில் கசிப்பு பிடித்தார்கள். யார் தகவல் கொடுத்தது என்று கேட்கலாமா?

முடியாது. கேட்கவும் வேண்டாம். சட்டத்தின் 5ஆம் பிரிவு மறுக்கக்கூடியவற்றைச் சொல்கிறது. இரகசியமாகத் தகவல் தந்தவரை அடையாளம் காட்டுவது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கோ குற்றவாளியைப் பிடிப்பதற்கோ பாரதூரமாகக் கெடுதல் செய்வது, பிறருடைய அந்தரங்கம் ஆகியவை அதில் அடங்கும். அதே சமயம், இந்த வருடம் எத்தனை கசிப்புச் சுற்றிவளைப்புகள், எத்தனை வழக்குகள் என்ற எண்ணிக்கையைக் கேட்கலாம். ஒரு தாளில் மறைக்க வேண்டிய வரி ஒன்றிருந்தால், அதை மட்டும் மறைத்து மீதியைத் தரவேண்டும் என்றும் சட்டத்தில் உண்டு. பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கப்பட்டதையும் வெளியிடலாம்.

மகனைக் கொழும்பில் பிடித்துவிட்டதாகக் கேள்வி. பதினான்கு நாள் காத்திருக்க முடியுமா?

காத்திருக்காதீர்கள். வழமையான கோரிக்கைக்குத்தான் 14 வேலை நாட்கள். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்பான கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும். கடிதத்தின் தலைப்பிலேயே அதைப் பெரிதாக எழுதுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. கைதானவரைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். கடிதத்தைவிட அது வேகமானது. சட்டத்தரணி ஒருவரையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தையும் உடனே அழையுங்கள். பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர் 2023 மே மாதம் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்ததை மலையகம் மறக்கவில்லை.

பதிலே வரவில்லை என்றால்?

எல்லவிலிருந்து வரும் ரயில் தெமோதரை நிலையத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுகிறது. மேன்முறையீடும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் சுற்று அதே திணைக்களத்துக்கே போகும். குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் திருப்தியில்லையேல், இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். திகதிகளைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்; உரிமை பெரும்பாலும் தோற்பது தவறவிட்ட திகதியில்தான்.

இந்தியாவில் முறைப்பாட்டுப் பிரதியை உடனே கையில் தருவதாகக் கூடலூரில் இருக்கும் சித்தப்பா சொல்கிறாரே?

சரிதான். அங்கே முதல் தகவல் அறிக்கையின் பிரதியை முறைப்பாட்டாளருக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றம் அவற்றை 24 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் ஏற்றவும் பணித்தது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் இங்கே கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது.

நாங்கள் இந்திய வம்சாவளி. எங்களுக்கும் இந்த உரிமை உண்டா?

உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரஜைக்கு உரியது. 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமை கட்டம் கட்டமாகத் திரும்பி, எஞ்சியிருந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு வழி பிறந்தது. சந்தேகம் கேட்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டுங்கள்.

வெளிநாடு போகப் பொலிஸ் நற்சான்றிதழும் இப்படித்தானா?

இல்லை. அது பொலிஸ் தலைமையகம் தனியாக வழங்குவது. இணையத்தில் விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்டவேண்டும். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் "லட்சுமி", இன்னொன்றில் "லெட்சுமி", மூன்றாவதில் அப்பா பெயர் முன்னுக்கு என்று இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும்.