பார வண்டியின் ஆடிமூடிக்கு வண்ணம் தீட்டல்

வண்டி ஓட்டுவோர் தலையைத் திருப்பாமலே பின்வருவதைக் காணும்பொருட்டு ஆடி பொருத்தும் வழக்கம் நெடுங்காலத்தது. அமெரிக்காவிலுள்ள இண்டியானாபொலிஸ் நகரில் 1911-ம் ஆண்டு நிகழ்ந்த 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் என்பார் தம் வண்டியில் ஆடியொன்றை அமைத்து ஓட்டி வெற்றி பெற்றார். இக்காலத்துப் பார வண்டிகளில் அவ்வாடி இருமருங்கும் செவிகள்போல நீண்டு நிற்கின்றது. மரக்கிளையும் வாயிற்றூணும் எதிர்வரும் வண்டியும் முதற்கண் உராய்வது அதன்மேல்தான். ஆதலின் ஆடியின் முதுகை மூடியுள்ள பிளாஸ்டிக் மூடி மற்றெல்லா உறுப்புக்கும் முன்னரே கீறுண்டு வண்ணம் இழக்கின்றது. அதனை வீட்டிலேயே கழற்றி வண்ணம் தீட்டுமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சான்றாக யாம் கொள்வது, அமெரிக்க நாட்டில் மிகுதியாக வழங்கும் போர்டு எப்-150 என்னும் பிக்கப் வண்டி. இதன் உடல் 2015-ம் ஆண்டின் உருவிலிருந்து அலுமினியத் தகட்டால் ஆயது, ஆடிமூடியோ பிளாஸ்டிக். கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றினும் இரண்டும் ஒரே வகையாய் வண்ணம் பெற்றவை அல்ல. ஆலையில் உலோக உடலின் முதற்பூச்சை 150 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு இறுக்குவர். மூடிகளுக்குப் பெரிதும் பயன்படும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் 100 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். ஆகவே அதற்குத் தனிப்பூச்சும் குறைந்த சூடும் வேண்டும். வீட்டில் தீட்டுவார்க்கு இஃது ஒரு நன்மை. அடுப்பின் உதவியின்றிக் காற்றிலே உலரும் பூச்சு மூடிக்குப் போதும்.

இனிக் கழற்றும் முறை. இவ்வண்டியில் மூடியைப் பிணித்துள்ள கொக்கிகள் உட்புறத்தே உள்ளன. அவற்றை அடைய ஆடித்தகட்டை முதலில் எடுத்தல் வேண்டும். வெளிவிளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்புவார் மூடியை உடைப்பர். கொக்கி ஒடிந்த மூடிக்கு எத்துணை அழகாக வண்ணம் தீட்டியும் பயனில்லை. நெடுஞ்சாலைக் காற்றில் அது பறந்துபோம். தகட்டின் ஒரு விளிம்பை உள்ளே அமிழ்த்தினால் எதிர்விளிம்பு வெளியே எழும். எழுந்த விளிம்பின் பின்னே, தடித்த கையுறை அணிந்த விரல்களைச் செலுத்தித் தன்பால் சீராக இழுத்தால் தகடு பிடிப்பினின்று விடுபடும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் நொறுங்குந் தன்மை எய்துவதால், கூந்தல் உலர்த்தும் கருவியால் அதனைச் சிறிது வெதுவெதுப்பாக்கிக் கொள்ளல் நலம். தகடு கையில் வந்ததும் வேகமாக இழுத்துவிடலாகாது. பனியை உருக்கும் வெப்பக்கம்பிகளும், சில வண்டிகளில் விளக்குக் கம்பிகளும் பின்னே தொங்கும். எந்தக் கம்பி எங்கே பொருந்தியிருந்தது என்பதைக் கழற்றுமுன் படம் பிடித்து வைத்துக்கொள்க. பின்னர் உள்ளிருக்கும் கொக்கிகளைத் தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொன்றாக அழுத்த, மூடி முன்னோக்கி வழுவி வரும். வேறு கம்பெனிகளின் வண்டிகளில் கொக்கிகளின் இடம் வேறுபடும். அவ்வவ்வண்டியின் கைந்நூலைப் பார்த்தல் தக்கது.

வண்ணம் நிலைப்பதும் உரிவதும் தீட்டுவதற்கு முந்திய வேலையிலேயே தங்கியுள்ளன. இதனைப் பலர் நம்புவதில்லை. வண்ணப்புட்டியை வாங்கியதும் பீச்சத் தொடங்கிவிடுவர். மூடியின்மேல் மெழுகும், எண்ணெயும், கைவிரலின் பிசுக்கும் படிந்திருக்கும். சவர்க்கார நீரால் கழுவி, ஐசோபுரோபைல் சாராயத்தால் துடைத்தல் வேண்டும். அசிட்டோன் கூடாது, அது ஏ.பி.எஸ்.ஸையே கரைக்கும். பின்பு 400 அல்லது 600 எண்ணுள்ள உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பைப் போக்குக. தூய்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மூடியின்மேல் நீர் வார்த்தால் அது படலமாகப் பரவி நிற்றல் வேண்டும். தாமரையிலை நீர்போலத் திரண்டு உருளுமேல் பிசுக்கு இன்னும் போகவில்லை என்பது துணிபு.

பாலிபுரோபிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் நீர் இவ்வாறு எளிதிற் பரவாது. அதன் இயல்பே அது. வண்ணமும் அதனைப் பற்றாது. பற்றுவிக்கும் தனிப்பூச்சு ஒன்றை அதற்கு முதலில் இடல் வேண்டும். பொருளின் பெயர் பெரும்பாலும் மூடியின் உட்புறத்தில் சிற்றெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளிபோல் மின்னும் குரோமிய மூடியாயின் தொல்லை மிகுதி. பிளாஸ்டிக்கின்மேல் செம்பும் நிக்கலும் குரோமியமும் அடுக்கடுக்காக ஏறியுள்ள அதன் வழவழப்பில் எப்பூச்சும் நில்லாது. நன்கு உராய்ந்து, உலோகத்தை அரித்துப் பற்றும் அடிப்பூச்சு இடல் வேண்டும். உரிந்த குரோமியத்தின் விளிம்பு கத்திபோற் கூரியது. எம்மைக் கேட்பின், அத்தகைய மூடியை விட்டுப் புதிய ஏ.பி.எஸ். மூடி வாங்குவதே மேல் என்போம்.

நிறத்தைக் கண்ணால் தேர்தல் ஆகாது. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் வண்ணத்தின் குறியெழுத்து இருக்கும்; அதனைக் கடையில் காட்டி வாங்குக. அழுத்தப்புட்டியிலிருந்து வண்ணம் பீச்சும் முறையை 1949-ம் ஆண்டில் எட்வர்டு சீமோர் என்னும் அமெரிக்கர் உண்டாக்கினார். அதற்கு முன் வண்டிக்கு வண்ணம் ஏற்றப் பெரும்பாலும் தூரிகையோ, காற்றழுத்த இயந்திரமோ வேண்டியிருந்தது. புட்டியை மூடியினின்று 20 அல்லது 25 சென்டிமீட்டர் தொலைவிற் பிடித்து, மூடிக்கு வெளியே பீச்சத் தொடங்கி, அதனைக் கடந்து வெளியே நிறுத்துக. அடிப்பூச்சு இரண்டு, உலர்ந்தபின் 600 எண் தாளால் மெல்லிய தேய்ப்பு, நிறப்பூச்சு மூன்று, ஒளிப்பூச்சு இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம் விடுக. முதற் பூச்சிலேயே முழுநிறமும் காண விழைவார்க்கு வண்ணம் கண்ணீர்போல் வழியும். மழைநாளிலும் தீட்டலாகாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும்; ஈரக்காற்றின் நீர் அதன்மேல் படிந்து, ஒளிப்பூச்சு பால்போல் வெளுக்கும்.

ஒளிப்பூச்சில் இருவகை உண்டு. ஒருபொருட் பூச்சு தானே உலர்வது. பெட்ரோல் தெறித்தால் மங்கக்கூடும். இருபொருட் பூச்சு, புட்டியின் அடியிலுள்ள இறுக்குபொருளை உள்ளே உடைத்துக் கலந்து பீச்சுவது, கல்போல் உறுதியானது. ஆயின் அவ்விறுக்குபொருளில் ஐசோசயனேட்டு என்னும் நஞ்சுளது. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பார்க்கு ஈளைநோய் உண்டாகும். ஒருமுறை அந்நோய்க்கு ஆளானார் பின்னர்ச் சிறு அளவையும் தாங்கார். மூக்கில் கட்டும் துணி இதனைத் தடுக்காது. தூய காற்றை வெளியிலிருந்து ஊட்டும் முகமூடியே பட்டறைகளில் இதற்கென அமைந்தது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டின் முற்றத்தில், இரண்டு மூடிகளின் பளபளப்புக்காக இதனைக் கையாளுதல் வேண்டுமோ? ஒருபொருட் பூச்சே அமையும் என்பது எம் கருத்து. அதற்கும் திறந்த வெளியும், கரிமூடியும், கையுறையும், அண்மையில் நெருப்பின்மையும் வேண்டும்.

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வரினும், உள்ளே இறுக ஒரு வாரமேனும் செல்லும். அதற்குள் மெழுகு பூசற்க. பொருத்தும்போது கொக்கிகள் ஒவ்வொன்றும் டக்கென்று ஒலித்து விழுதல் வேண்டும். கம்பிகளை மாட்டி, தகட்டை அதன் நடுவிலே உள்ளங்கையால் அழுத்துக. பின்பு ஆடியை மேலும் கீழும் இருபக்கமும் அசைத்து, வெப்பக்கம்பியை இயக்கித் தகடு சூடேறுகின்றதா என்று தொட்டுப் பார்த்து, கையால் ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தபின்னரே வண்டியைச் சாலைக்குக் கொணர்க.