இதயத்திற்கு ஓய்வு தரும் இயந்திரம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மனித உடலில் ஓய்வு என்பதையே அறியாத உறுப்பு இதயம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அது துடிக்கிறது. நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. அது நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். அப்படியிருக்க, இதயத்தையே நிறுத்திவைத்து அதில் அறுவை சிகிச்சை செய்கிறார்களே, அது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன். பாஸ்டன் நகரில் அவர் இளம் மருத்துவராக இருந்தபோது, நுரையீரல் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்ட ஒரு பெண்ணின் அருகில் இரவு முழுவதும் விழித்திருந்து கவனித்தார். அப்பெண் பிழைக்கவில்லை. ‘இவருடைய கருத்த இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு கலந்து, மீண்டும் உடலுக்குள் செலுத்த முடிந்திருந்தால்?’ என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. தம் மனைவி மேரியுடன் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1953-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்திலிருந்த துளையை அடைத்தார். அப்போது 26 நிமிடங்கள் அவளுடைய இதயம், நுரையீரல் ஆகிய இரண்டின் வேலையையும் இயந்திரமே செய்தது. அவள் நலமுடன் வீடு திரும்பினாள்.

அந்த முயற்சியின் பயன் நம் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. இராயபுரத்திற்கு அருகிலுள்ள பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான், 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான ‘பைபாஸ்’ இதய அறுவை சிகிச்சையைச் செய்தார். வடசென்னைவாசிகளாகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அல்லவா இது!

ஆனால் கிப்பனின் இயந்திரம் சில மணி நேரத்திற்கே உதவும். அதில் இரத்தமும் பிராணவாயுவும் நேரடியாகக் கலந்ததால் இரத்த அணுக்கள் சிதைந்தன. நாட்கணக்கில் உயிரைத் தாங்க வேண்டுமானால் என்ன செய்வது? இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்தார்கள். இவ்வழியில் ஆராய்ந்த டாக்டர் ராபர்ட் பார்ட்லெட், 1975-இல் கலிபோர்னியாவில், மூச்சுவிட முடியாமல் தவித்த பச்சிளங்குழந்தை ஒன்றைக் காப்பாற்றினார். தாய் விட்டுச் சென்ற அக்குழந்தைக்குச் செவிலியர் ‘எஸ்பெரான்சா’ என்று பெயர் வைத்தனர். ஸ்பானிய மொழியில் ‘நம்பிக்கை’ என்று பொருள். இச்சிகிச்சையே இன்று ‘எக்மோ’ எனப்படுகிறது.

எக்மோ எவ்வாறு வேலை செய்கிறது? தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் குழாய் செருகி, கருஞ்சிவப்பு இரத்தத்தை ஒரு பம்பு வெளியே இழுக்கிறது. அந்த இரத்தம் செயற்கை நுரையீரலுக்குள் செல்கிறது. அதனுள் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உள்ளன. குழலுக்குள் பிராணவாயு, வெளியே இரத்தம். கரியமில வாயு நீங்கி, இரத்தம் செக்கச் சிவந்து, உடலின் வெப்பத்திற்குச் சூடாக்கப்பட்டுத் திரும்புகிறது. நுரையீரல் மட்டும் பழுதென்றால் சிரைக்கும், இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்கும் அதைச் செலுத்துவார்கள். குழாயில் இரத்தம் உறையாதிருக்க மருந்து தர வேண்டும். மருந்து சற்று மிகுந்தாலோ இரத்தக்கசிவு ஏற்படும். ஆகவே செவிலியர் இரவும் பகலும் கண்ணிமைபோல் காக்கின்றனர்.

2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும், 2020-இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கும் இச்சிகிச்சை அளிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் வீடுதோறும் ‘எக்மோ’ என்ற சொல் கேட்டது. இருவரையும் நாம் இழந்தோம். அதனால் ‘மெஷினில் வைத்துவிட்டால் அவ்வளவுதான்’ என்று அஞ்சுவோர் பலர். வேறு சிலரோ, இயந்திரம் எப்படியும் பிழைக்க வைத்துவிடும் என்று நம்புகின்றனர். இரண்டும் தவறு.

நடுக்கடலில் என்ஜின் நின்றுபோன படகை, மற்றொரு படகு கயிறு கட்டிக் காசிமேட்டுக்கு இழுத்து வருவதை நாம் அறிவோம். இழுத்து வரும் படகு என்ஜினைப் பழுதுபார்ப்பதில்லை. மூழ்காமல் கரை சேர்க்கிறது. எக்மோவும் அப்படித்தான். அது நோயைத் தீர்ப்பதில்லை. காலத்தைக் கடன் தருகிறது. அக்காலத்திற்குள் இதயமோ நுரையீரலோ தேறி எழலாம். அல்லது மாற்று உறுப்பு கிடைக்கலாம்.

இரண்டும் இயலாதபோது? குடும்பத்தாருக்கு அதைவிடக் கடினமான வேளை இல்லை. அளவுகடந்த சுமையாகிவிட்ட அசாதாரண சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மருத்துவர்களிடம் கூறினார். அவ்வேளையில் சிகிச்சையை நிறுத்துவது அன்பின்மை ஆகாது.

அன்புத் தோழியரே! இயந்திரத்தை மனிதன் செய்துவிட்டான். ஆனால் இரத்தத்தையும் இதயத்தையும் எந்தத் தொழிற்சாலையும் செய்து தருவதில்லை. அவற்றை மனிதர்தாம் மனிதருக்குத் தர வேண்டும். பதினெட்டு வயது நிறைந்ததும் இரத்ததானம் செய்வோம். உறுப்புதானம் பற்றி இன்றே நம் பெற்றோரிடம் பேசுவோம். நம்மில் சிலராவது அந்த இயந்திரத்தின் அருகே விழித்திருக்கும் மருத்துவராக, செவிலியராக வளர்வோமாக!