உங்களுக்குத் தெரியுமா? ஜன்னல் வெயில் போதாது!

அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளைப் பூர்வீகமாகக் கொண்டு, வாலோடு ஐந்தடிக்கு மேலும் வளரவல்ல இகுவானா என்னும் பெரும்பல்லியைக் கோவையில் ஆசையோடு வளர்ப்போர், ஜன்னலோரம் கூண்டை வைத்துவிட்டால் வெயிலுக்குக் குறைவில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், அதன் தேகத்தில் டி வைட்டமினை உண்டாக்கும் புறஊதாக் கிரணங்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுவதால், சுண்ணாம்புச் சத்து சேராமல், தாடை மிருதுவாகி வீங்கி, கால்கள் வளைந்து, அந்தப் பிராணி நடக்கவும் மாட்டாமல் போகிறது. ஆகவே, ஒதுங்க நிழலும் உள்ள நேர்வெயிலோ, அதற்கென உள்ள புறஊதா விளக்கோ அத்தியாவசியம். ஆகாரம் முற்றிலும் சைவம். செம்பருத்தி இலையும் பூவும் உத்தமம், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாத பாலக்கீரையோ அன்றாடம் ஆகாது. இகுவானாவைப் போலவே பெரும்பல்லியான நம் கொங்குக் காட்டு உடும்போ, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதை எத்தனை அன்போடு வீட்டில் வளர்த்தாலும் குற்றமே.