கணினிக்குள் ஓர் ஆர்மோனியம்

வயலினோ பியானோவோ வீட்டில் இல்லாமலே, ஒரு கணினியையும் சிறிய கீபோர்டையும் வைத்துக்கொண்டு பலர் இன்று வீட்டிலிருந்தே இசையமைப்பதை நாம் அறிவோம். இல்லாத வாத்தியத்தின் ஒலி எங்கிருந்து வருகிறது? 'சாம்ப்ளர்' என்னும் மென்பொருளிலிருந்துதான். பணம் கொடுக்காமல் கிடைக்கும் சாம்ப்ளர்களுள் நமக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றி நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சாம்ப்ளர் தானாக ஒலியை உண்டாக்குவதில்லை. வாத்தியத்தின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கொடுத்தால், நாம் கட்டையை அழுத்தும்போது உரிய பதிவை எடுத்து ஒலிக்கச் செய்யும். இந்த எண்ணம் புதியதன்று. 1963-இல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடாத் துண்டு இருந்தது. அழுத்தியபடியே இருந்தால் ஏறக்குறைய 8 வினாடியில் நாடா தீர்ந்து ஒலியும் நின்றுவிடும்! 1979-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகியோர் கொண்டுவந்த ஃபேர்லைட் கருவி ஒலியை எண்களாக்கி நினைவகத்தில் வைத்தது. அன்று பெரும் செல்வந்தரே வாங்க முடிந்த அந்தக் கருவியின் வேலையை இன்று நம் வீட்டுக் கணினியில் ஒரு சிறு பிளக்கின் செய்துவிடுகிறது. பிளக்கின் என்பது இசையமைக்கும் மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் துணை மென்பொருளாகும்.

நான் இதைத் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சிற்றாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு கட்டை முற்றிலும் ஊமை. மற்றவையும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வருகின்றன. அந்த ஒலி முழுவதும் போய்விடுமுன் அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று தோன்றிற்று. ஆகவே, எத்தனை வாத்தியங்களை இலவசமாகத் தருகிறது என்பதைவிட, நான் பதிவு செய்த ஒலியை ஏற்றுக்கொள்ளுமா என்பதே என் முதற் கேள்வியாயிற்று.

இக்கேள்வியைக் கேட்டவுடன் பட்டியல் சுருங்கிவிட்டது. கான்டாக்ட் பிளேயர் புகழ் பெற்றது; விலையில்லாதது. ஆனால் அதற்கென உரிமம் பெற்ற ஒலித்தொகுப்புகளே அதில் தடையின்றி ஓடும். மற்றவற்றைத் திறந்தால் 15 நிமிடங்கள்தாம். 'இலவசத் தொகுப்பு' என்று கிடைக்கும் பலவற்றுக்கு விலை கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட் தேவைப்படும் என்பதைக் கீழே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் பெரிய கோப்புகளை இறக்கி ஏமாறாதீர்கள். டி.எக்ஸ்.16.டபிள்யூ.எக்ஸ் என்பதன் விலையில்லாப் பதிப்பு நம் ஒலியை ஏற்கும். வசதிகளும் ஏராளம். ஆயினும் புதிதாகத் தொடங்குபவருக்கு அதன் திரை ஒரு காடு போலத் தோன்றும்.

எஞ்சியவை இரண்டு. பிளோக் நிறுவனத்தாரின் ஸ்ஃபோர்சாண்டோ ஒன்று. டீசென்ட் சாம்ப்ளர் மற்றொன்று. இரண்டும் தனி மென்பொருளாகவும் திறக்கும், பிளக்கினாகவும் இயங்கும். இரண்டிலும் எந்தப் பதிவு எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை ஒலிக்க வேண்டும் என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் நாமே எழுதிவிடலாம். நான் டீசென்ட் சாம்ப்ளரை எடுத்துக்கொண்டேன். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் என்பதால் எந்தத் தோழியின் வீட்டிலும் வாசிக்கலாம். ஆனால் கோப்பில் ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலும் ஒரு சுரம்கூட ஒலிக்காது. இலக்கணத் தேர்வில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை!

எங்கள் ஆர்மோனியத்துக்கு 49 கட்டைகள். எல்லாவற்றையும் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவைச் சற்று வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். அரைச் சுரம் ஏற ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் கூட வேண்டும். அதிகம் ஏற்றினால் பெரியவர் குரல் குழந்தைக் குரலாவது போல ஒலி கெட்டுவிடும். ஆகவே மூன்று கட்டைக்கு ஒரு பதிவு என்று 17 பதிவுகள் எடுத்தேன். ஒவ்வொன்றும் நடுவில் நின்று இரு பக்கத்து அயலாருக்கும் உதவும். ஒவ்வொன்றும் 10 வினாடி என்று வைத்தாலும் மொத்தம் ஏறக்குறைய 22 மெகாபைட்டுதான்.

பியானோவாக இருந்தால் இது போதாது. மெல்லத் தட்டினால் ஒரு தொனி, ஓங்கித் தட்டினால் வேறு தொனி. அலெக்சாண்டர் ஹோம் என்பவர் யமஹா சி5 பியானோவைப் பதிவு செய்து 'சாலமாண்டர்' என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாக அளித்திருக்கிறார். அதில் 30 சுரங்கள் ஒவ்வொன்றையும் 16 விதமான அழுத்தத்தில் எடுத்திருக்கிறார். ஆக 480 பதிவுகள்! ஆர்மோனியத்தில் விரலின் அழுத்தத்தால் ஒலி மாறாது; காற்றுதான் பேசுகிறது. எனவே எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. பியானோ ஒலி தானே தேயும். ஆர்மோனியமோ விரலை எடுக்கும் வரை ஒலிக்க வேண்டும். ஆகவே பதிவின் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட வைக்க வேண்டும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒலியலையில் ஒத்துப்போகாவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று கேட்கும். இதற்கே எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் போயின.

அதற்கு முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். முதல் நாள் பதிவு செய்தபோது தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து 'ச, க, ப' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்று மின்விசிறிகள் மூன்று சுருதியில் ஓடின! மறுநாள் வியர்வை வழிய, விசிறியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் எடுத்தேன். மிதிகட்டையின் முனகல் மட்டும் இலேசாகக் கேட்கிறது. அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறருடைய ஒலித்தொகுப்பைப் பயன்படுத்த விரும்புவோர் அதனோடு வரும் உரிம வாசகத்தைக் கட்டாயம் படியுங்கள். இலவசம் என்பது ஒன்று, எதற்கும் பயன்படுத்தலாம் என்பது வேறு. சிலர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பார்கள். சிலர் விற்பனைக்கான இசையில் சேர்க்கக்கூடாது என்பார்கள்.

வேலை முடிந்ததும் கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, ஆலயத்தில் வாசிக்கும் சகோதரியிடம் கீபோர்டைக் கொடுத்தேன். அவர் ஒரு பாடலை முழுவதும் வாசித்தார். ஊமைக் கட்டை வரவேண்டிய இடத்தில் மட்டும் அவர் விரல் பழக்கத்தால் அதைத் தொடாமல் தாண்டிச் சென்றது. "அதையும் அழுத்துங்கள், சிஸ்டர். பக்கத்துக் கட்டையின் ஒலியைக் கொடுத்திருக்கிறேன்" என்றேன். அழுத்தினார். பிறகு அந்தப் பாடலை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.